நாலு மணிக்கு நின்றுபோகும் கதைகள்

அவள் பிறந்ததே ஏழாம் மாதத்தில். "ஒன்பது மாசம் முடியட்டும்னு பொறுமை இல்ல, நடுவுலயே வந்து பேச ஆரம்பிச்சுட்டா" என்று அவளுடைய அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பள்ளிக்கூடத்தில் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் பதில் சரியாகவே இருக்கும், கேள்விதான் வேறாக இருக்கும்.

கல்யாணம் நிச்சயமானதும் அப்படித்தான். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அந்த மனிதர் முதன்முதலாக அவளைப் பார்க்க வந்தபோது, மூன்று மாடி படியேறி வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு..." என்று ஆரம்பித்தார். பேச்சில் அவர் ரொம்ப நிதானம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் ஏறி இறங்கிவிடலாம். அவள் காத்திருக்கவில்லை. "சம்மதம்தானே? எனக்கும் சம்மதம்" என்றாள். பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்கு அவர் கேட்க வந்தது ஒரு டம்ளர் தண்ணீர்.

அலுவலகத்தில் அவளுக்கு 'முடிவுரை' என்று பேர். யார் எதை ஆரம்பித்தாலும் முடித்துவைப்பது அவள்தான்.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் நாலு அறை. கண் தெரியாதவர்களுக்கான ஒலி நூலகம். ஒரு அறையில் சுவரெல்லாம் பழைய மெத்தையை ஆணியடித்து, அதற்குள் உட்கார்ந்து சிலர் புத்தகம் வாசித்துப் பதிவு செய்வார்கள். அடுத்த அறை வரவேற்பு. அதற்கு அடுத்தது கமிட்டி கூடும் அறை. கடைசி அறை, ஜன்னலைத் திறந்தால் பஞ்சர் ஒட்டும் பசை வாடை வரும் அறை, அவளுடையது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள், முப்பது வயதுக்குமேல், பஸ்ஸில் போகவர புத்தகம் படித்து, கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தாள். நாலு வருஷமாக அவள் ஒண்டியாகக் கட்டியதுதான் அந்த டெலிஃபோன் லைன். நம்பரைப் போட்டால் அவளுடைய குரலே வரவேற்கும். வேண்டிய புத்தகத்தைச் சொன்னால் காதுக்குள் கதை ஓட ஆரம்பித்துவிடும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த லைனுக்கு நடுவில் அவள் எழுதிய ஒரு குட்டி நிரல் இருக்கிறது, அதை ஒரு நிமிடம் நின்று பார்த்தே ஆக வேண்டும். அவ்வளவு அழகு அது!

பதிவு செய்த புத்தகமெல்லாம் எங்கோ தூரத்தில் ஒரு சேமிப்பு இயந்திரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்துத் தருகிறவரை நிரல் உலகத்தில் ரீடர் என்பார்கள். இந்த ரீடர் அசிங்க் ரகம். அதாவது, தானாக ஒன்றும் தர மாட்டார். நாம்தான் ஒரு காலித் தட்டை நீட்டிக் கேட்க வேண்டும். மூன்றே பதில்தான் சொல்வார். "இவ்வளவு பைட் வெச்சிருக்கேன், எடுத்துக்கோ" என்பது ஒன்று; பைட் என்றால் பதிவின் ஒரு பொடித் துணுக்கு. "இப்போ கையில இல்ல, நீ வேற வேலையப் பாரு, வந்ததும் எழுப்பறேன்" என்பது இரண்டு. "வெச்சது சைபர்" என்பது மூன்று. சைபர் என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

இந்தப் பக்கம் டெலிஃபோன் இயந்திரம். அதற்குத் தட்டு, கேட்பது, எழுப்புவது எதுவும் தெரியாது. அதற்கு வேண்டியது ஸ்ட்ரீம். துண்டு துண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக பைட்டுகள் வந்துகொண்டே இருக்க வேண்டும், தீர்ந்ததும் "தீர்ந்தது" என்று ஒரு வார்த்தை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அவரிடம் தட்டை நீட்டி வாங்கி இவரிடம் துண்டாகக் கொடுப்பதுதான் அவளுடைய நிரல். நீளமான ஒரு தட்டை எடுக்கும். ரீடர் எவ்வளவு தூரம் நிரப்பினாரோ அவ்வளவைத் தட்டோடு சேர்த்து வெட்டி டெலிஃபோனுக்கு அனுப்பும். மிச்சக் காலித் தட்டை மறுபடி நீட்டும். மொத்தம் அறுபது வரி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிவுரைக்கு முகமெல்லாம் வெளிச்சமாகிவிடும்.

அந்த அறுபது வரிக்குள் எங்கேயோதான் பூச்சி இருந்தது. நிரலில் இருக்கும் பிழைக்கு அப்படித்தான் பேர்.

முதலில் கண்டுபிடித்தவர், அலுவலகத்தில் எல்லோரும் 'கடைசிப் பக்கம்' என்று கூப்பிடும் ஒரு நேயர். கோர்ட்டில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எடுத்தவர், பார்வை போனபின் கொலைக் கதைகளாகக் கேட்டுத் தள்ளுகிறவர். தினமும் காலை ஒன்பது பத்துக்கு அவரிடமிருந்து நேரே அவளுக்கே ஃபோன் வந்துவிடும்.

"அம்மா, ஒன்பது புஸ்தகம் கேட்டாச்சு. ஒன்பது பேர் செத்தாச்சு. ஒருத்தன் கூட இன்னும் பிடிபடல."

"நேத்தும் நின்னுடுச்சா சார்?"

"'கொன்னது வேற யாரும் இல்ல'ன்னு டிடெக்டிவ் எழுந்து நிக்கறான். டொக்குனு லைன் செத்துப் போகுது. முப்பது வருஷத்துல ஒரு தீர்ப்பு விட்டதில்லம்மா நான். இப்போ ஒன்பது கேஸ் பாக்கி கிடக்கு."

"அந்த மெழுகு ஃபாக்டரி கதைதானே? அதுல கொன்னது..."

"சொல்லாதீங்க!" என்று அவர் அலறுவார். "நானே கேக்கணும். கதையில கேக்கணும்."

அவர் மட்டும் இல்லை. வரவேற்பில் இருக்கும் பெண்ணின் புகார் நோட்டில் முப்பத்தொரு பேருடைய பெயர் இருந்தது. கதை நடுவில் அறுந்து போகிறது, அதுவும் "முடிந்தது, நன்றி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அறுந்து போகிறது. முடிவுரை தினம் காலை பத்து மணிக்கு உட்கார்ந்து சோதித்தாள். காலை பத்து மணிக்கு எல்லாக் கதையும் தங்கமாக ஓடியது. எல்லாக் கொலைகாரர்களும் பிடிபட்டார்கள்.

"என் மேசையில நல்லாத்தான் ஓடுது" என்று அவள் சொல்லிச் சொல்லி, பதிவு அறைக்காரர்கள் அதையே அவளைக் கண்டால் வணக்கத்துக்குப் பதிலாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கமிட்டியின் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை கூட்டம். அதற்குள் லைன் சரியாகாவிட்டால் அதை மூடிவிட்டு, பழையபடி குறுந்தகடுகளைத் தபாலில் அனுப்புவது. நாலு வருஷத்து உழைப்பு, ஒரு பத்தியில் முடிந்திருந்தது. அவள் கடிதத்தை மூன்று முறை படித்தாள். முதல் முறையாக ஒரு முடிவை அவளுக்குப் பிடிக்கவில்லை.

வரவேற்புப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, இத நீங்க கவனிச்சீங்களா? இந்தப் புகார் எல்லாமே..."

"கொலைக் கதை. தெரியும்."

"அது இல்லக்கா, எல்லாமே..."

"டெலிஃபோன் கம்பெனிய மாத்தணும்ங்கற. பேசிட்டேன். அவங்க மேல தப்பு இல்ல. நீ போ, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். அவள், அவள் வீட்டுக்காரர், நாத்தனார். நாத்தனார் கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருந்தாள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு பேசியே பழகியதால் அவளுடைய வார்த்தை எல்லாமே குத்தும்.

வீட்டுக்காரர் திங்கட்கிழமையிலிருந்து எதையோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார். இன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "உன் லைன்ல..." என்றார்.

"சத்தம் கம்மியா இருக்கா? அத ஏத்திட்டேங்க. அது இல்ல பிரச்சினை."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வராரா? வரட்டும், இவ இருப்பா. ஏங்க, நீங்களாவது சொல்லுங்க, நான் என்ன தப்பு பண்ணேன்? அறுபது வரியையும் நூறு தடவ பாத்துட்டேன். பொறுமையா காத்திருன்னு எழுதியிருக்கேன், காத்திருக்கு. எழுப்பினா எந்திரிக்குது. ரீடர் முடிஞ்சதுன்னு சொன்னாத்தான் முடிக்குது. சொல்லுங்க, இதுல எங்க தப்பு? நீங்க என்ன நினைக்கறீங்க? அந்த சேமிப்புக்காரங்க மேலதானே தப்பு? அப்படித்தானே நினைக்கறீங்க? நானும் அதான் நினைச்சேன்."

வீட்டுக்காரர் திறந்த வாயை மூடிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"பாத்தீங்களா, இவரும் ஒண்ணும் சொல்லல" என்றாள் முடிவுரை.

நாத்தனார் சிரிக்காமல் சொன்னாள்: "அண்ணி, கேள்வி கேட்டா பதில் வைக்க ஒரு சின்ன இடமாவது விடணும். நீங்க கைய நீட்டறீங்க, கையில தட்டக் காணோம். எங்க அண்ணன் எங்க வைப்பாரு? தரையிலயா?"

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்று முடிவுரை எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை மதியம்வரை அவள் சேமிப்பு இயந்திரக்காரர்களோடு ஃபோனில் சண்டை போட்டாள். மூன்றரைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாலு மணிக்கு வழக்கம்போல மாடி முழுக்க நாற்காலி இழுபடும் சத்தம். டீ வேளை. நாலு வருஷத்தில் அவள் ஒரு டீ வேளையையும் தவறவிட்டதில்லை, பேச்சு முழுக்க அங்கேதான் நடக்கும். அன்றைக்குத் தொண்டையும் இல்லை, முகம் காட்ட மனசும் இல்லை. தனியாக உட்கார்ந்து, சும்மா, மெழுகு ஃபாக்டரிக் கதையின் கடைசி அத்தியாயத்தை ஓடவிட்டாள்.

டிடெக்டிவ் எழுந்து நின்றார். "கொன்றது வேறு யாரும் இல்லை..."

டொக்.

"முடிந்தது, நன்றி" என்றது அவளுடைய குரலே.

முடிவுரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நின்றுபோனதற்காக யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். மறுபடி ஓட்டினாள். மறுபடி அறுந்தது. "என் மேசையிலயும் நிக்குது!" என்று கத்த முயன்றாள். கட்டிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

வேறு வழியில்லாமல், பேசாமல், பார்க்க ஆரம்பித்தாள்.

டீக்கு எழுந்து போகும்போது பதிவு அறைக்காரர்கள் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவார்கள். அன்று முழுவதும் வாசித்ததெல்லாம் ஒரே மூச்சில் சேமிப்புக்குக் கிளம்பும். அந்த அரை மணி நேரம் சேமிப்புக்குப் போகவர இருக்கும் வழி அடைத்துக்கொள்ளும். ரீடர் தட்டு தட்டாக வைத்துக்கொண்டிருந்தவர், அப்போது ஸ்பூன் ஸ்பூனாக வைப்பார். அதில் தப்பொன்றும் இல்லை, ரீடருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வைக்க உரிமை உண்டு. ஆனால் ரீடர் கடைசியாகச் சொன்ன பதில் திரையில் இருந்தது: சைபர். கதை பாக்கி இருக்கும்போது ஏன் சைபர்? பொய் சொல்கிறாரா?

அப்போதுதான் நாத்தனாருடைய குரல் குண்டூசியோடு காதில் குத்தியது. கையில தட்டக் காணோம்.

அவள் ஒரு வரி சேர்த்தாள். ரீடரிடம் கேட்பதற்கு முன், நீட்டுகிற தட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் வரி. ஓட்டினாள். எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. ஆயிரத்து நூறு. எண்ணூறு. இருநூற்றுப் பத்து. நாற்பது. சைபர்.

இடம் சைபர்!

தட்டு ஒரே வாங்கலில் முழுசாக நிரம்பினால் புதுத் தட்டு எடு என்று அவள் எழுதியிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால், வைத்ததை வெட்டி வெட்டி அனுப்பி, தட்டு முழுக்கத் தீர்ந்துபோகும் என்பதை யோசிக்கவே இல்லை. காலையில் எல்லாம் ஒரே வாங்கலில் வரும், தட்டும் மாறும். நாலு மணிக்குத் தட்டே இல்லாமல் வெறுங்கையை நீட்டியிருக்கிறது நிரல். பாவம் ரீடர், வைக்க இடம் இல்லாததால் "வெச்சது சைபர்" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். இவள் உடனே "முடிஞ்சுதா? சரி, நன்றி" என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். காத்திருக்கத்தான் செய்தாள், ஆனால் அவர் சொல்ல இடம் விடவில்லை.

திருத்தம் ஒரே வரி. கேட்பதற்கு முன் இடம் இருக்கிறதா பார், இல்லையென்றால் புதுத் தட்டு எடு. அதை அடித்துவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

டீ முடிந்து வந்த வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள். முடிவுரை கையால் நாற்காலியைக் காட்டி, கரகரத்த குரலில், "அன்னிக்கு என்னவோ சொல்ல வந்தியே, சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நோட்டுல இருக்கற புகார் எல்லாமே டீ முடிஞ்சு நான் சீட்டுக்கு வந்ததும் வந்ததுக்கா. எல்லாமே நாலரை மணி. அதத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை. கூட்டத்தை நாலு மணிக்கே வைக்கும்படி முடிவுரை கேட்டுக்கொண்டாள். பதிவு அறைக்காரர்களிடம், "தயவுசெஞ்சு இன்னிக்கும் அந்தப் பொத்தான அமுக்கிட்டே வாங்க" என்றாள். ஏழு கமிட்டி உறுப்பினர்கள் டீ கோப்பையோடு உட்கார்ந்தார்கள். மேசை நடுவில் ஸ்பீக்கர் ஃபோன், கதை லைனோடு இணைத்தது. மறுமுனையில் கடைசிப் பக்கம், வீட்டு நாற்காலியில் பேனா எடுத்துக்கொண்டு தயாராக இருந்தார். பழக்கதோஷம்.

கதை ஓடியது. மெழுகு உருகியது. டிடெக்டிவ் எழுந்து நின்றார்.

"கொன்றது வேறு யாரும் இல்லை..."

மௌனம்.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு விநாடி. இரண்டு. கமிட்டித் தலைவர் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அவ்வளவுதானா? அப்போ லைன..." என்று ஆரம்பித்தார்.

முடிவுரைக்கு அந்தக் கொலைகாரன் யாரென்று தெரியும். நுனி நாக்கில் நின்றான். சொல்லிவிட்டால் மௌனமாவது தொலையும். அவள் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள், இன்னொரு கையைத் தலைவர் அம்மாவை நோக்கிப் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி நீட்டினாள். அவள் வாயைப் பொத்தி யாரும் பார்த்ததில்லை. ஏழு பேரும் ஆடிப்போய் அசையாமல் இருந்தார்கள்.

மூன்று விநாடி. நாலு. சேமிப்பு இயந்திரம் எங்கோ ஒரு ஸ்பூன் தேடிக்கொண்டிருந்தது.

"...தினமும் பனிக்கட்டி கொண்டுவந்து போட்டாரே, அவர்தான்" என்றது குரல்.

"ஐஸ்காரன்!" என்று ஸ்பீக்கரில் கடைசிப் பக்கம் கூவினார். "நினைச்சேன்! ரெண்டாம் அத்தியாயத்துலயே அவன் செருப்பு ஈரமா இருந்துது! அம்மா, கேஸ் முடிஞ்சுது. இன்னும் எட்டு இருக்கு, லைன வெட்டிடாதீங்க!"

தலைவர் அம்மா எதையும் எழுதவில்லை. "அடுத்த கதையில யார் சாகறாங்க?" என்று மட்டும் கேட்டார். லைன் பிழைத்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் முடிவுரை பையைக்கூட இறக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு பழைய சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஏங்க, வாரம் பூரா என்னவோ சொல்ல வந்தீங்களே. என்ன?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. நாத்தனார் தையல் அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, இந்தக் காட்சியைப் பார்த்து, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அண்ணிக்கு உடம்புக்கு என்ன?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். முடிவுரை திரும்பவில்லை.

"உன் லைன்..." என்றார் அவர். திருப்புளியைக் கீழே வைத்தார். ஒரு லிஃப்ட் ஏறி இறங்கியது. "நாலு மணி ஆனா நின்னு போகுது. அதச் சொல்லத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கேட்க நூறு கேள்வி வரிசையில் நின்றது. ஒன்றை மட்டும் விட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் கேக்கறேன். சோதிக்கறதுக்குன்னு ஒரு நம்பர் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சியே. லிஃப்ட் மெஷின் ரூம்ல உக்காந்து..."

முடிவுரை நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கதைக்காக இல்ல" என்றார். "ஆரம்பத்துல உன் குரல் வருமே. 'எந்தப் புத்தகம் வேணும், சொல்லுங்க'ன்னு கேப்ப. கேட்டுட்டு... சும்மா இருப்ப. நான் சொல்ற வரைக்கும்."

வாசற்படியில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "பத்தொன்பது வருஷமா வீட்டுல கிடைக்காதத மனுஷன் ஃபோன் போட்டுக் கேட்டிருக்காரு" என்றாள். இந்தத் தடவை ஊசி அவ்வளவாகக் குத்தவில்லை.

முடிவுரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதிலுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும், இவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று துடித்தது. கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "அந்த மெழுகு ஃபாக்டரி கதையில, யார் கொன்னாங்க தெரியுமா? நம்ம..."

அவர் கையை உயர்த்தினார். அவள் வாய் அப்படியே நின்றது.

"சொல்லாத" என்றார். "நானும் அதத்தான்... கேட்டுட்டு இருக்கேன். திங்கட்கிழம நாலு மணிக்கு... நானே கேட்டுக்கறேன்."

சனிக்கிழமை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அந்த ஐஸ்காரனை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நாத்தனார் மணிக்கொரு தடவை எட்டிப் பார்த்து, "இன்னும் உள்ளதான் இருக்கானா அண்ணி?" என்று கேட்டாள். முடிவுரை உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.